பனி நாளையும் விழும்: பழைய சீனக் கவிதைகளில் நிலையாமை

கேள்வி இதுதான்: "பழைய சீனக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்தால் எங்கே பார்த்தாலும் உதிரும் பூ, நரைத்த முடி, ஒரு கிண்ணம் மது. வாழ்க்கை நிலையில்லாதது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பௌத்தம் அங்கே போன பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கமா இது? எல்லோரும் ஏன் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்?"

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: இல்லை. பௌத்தம் சீனாவுக்குள் வந்தது கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய, சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கிலேயே, ஒரு நாள் மட்டும் வாழும் பூச்சியின் பளபளக்கும் சிறகைப் பார்த்து "மனம் நோகிறது, நான் எங்கே போய் அடைவேன்" என்று ஒருவர் பாடுகிறார். கன்ஃபூசியஸ் ஆற்றங்கரையில் நின்று, "போவதெல்லாம் இப்படித்தான் போகிறது, இரவும் பகலும் நிற்காமல்" என்கிறார். மனித வாழ்வு, சுவரில் உள்ள விரிசலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் குதிரை ஓடுவதைப் பார்ப்பது போல என்கிறது தாவோ மரபின் பழைய நூலான சுவாங்ட்சு. இவர்கள் யாரும் புத்தரைக் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நிலையாமை என்றதும் நமக்குத் துறவுதான் நினைவுக்கு வரும். உடம்பு பொய், உறவு பொய், ஆகவே விட்டுவிடு என்று நம் பாடல்கள் போகும். சீனக் கவிஞர்களும் அதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் "ஆகவே" என்று அடுத்த வரிக்கு வரும்போது வேறு திசையில் திரும்பிவிடுகிறார்கள்: ஆகவே உட்கார், இன்னொரு கிண்ணம் ஊற்று, உன் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல். இந்தக் கவிதைகளில் பெரும்பாலானவை பெயர் தெரிந்த ஒரு மனிதருக்கு எழுதப்பட்டவை. அதைக் கவனிக்காமல் படித்தால் எல்லாம் ஒரே பாட்டாகத்தான் கேட்கும்.

ஹான் அரசமரபின் காலத்தில் (கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை) சவ வண்டியை இழுத்துப் போகிறவர்கள் பாடிய ஒரு சிறு பாட்டு இருக்கிறது. அதன் பொருள் ஏறக்குறைய இப்படி:

உள்ளித் தாளின் மேல் பனித்துளி
எவ்வளவு எளிதாய் உலர்ந்துவிடுகிறது.
உலர்ந்த பனி நாளைக் காலை மறுபடி விழும்.
செத்துப்போன மனிதன் எப்போது திரும்புவான்?

சீனக் கவிதையில் நிலையாமையின் கணக்கு முழுவதும் இந்த நான்கு வரிக்குள் இருக்கிறது. எல்லாமே அழியும் என்று இது சொல்லவில்லை. பனி திரும்பி வரும், புல் திரும்ப முளைக்கும், நிலா தேய்ந்தாலும் வளரும். மனிதன் மட்டும் ஒரு தடவைதான். வட்டமாகச் சுற்றும் உலகத்துக்குள் ஒரே ஒரு நேர்கோடு, அது நாம். மறுபிறவி என்ற கதவு இந்தப் பாட்டில் இல்லை. பிற்காலத்தில் தாங் அரசமரபுக் (618–907) கவிஞர் லியூ ஷீயி எழுதிய புகழ்பெற்ற இணைவரியும் இதேதான்: "ஆண்டுதோறும் பூக்கள் ஒன்றுபோலவே, ஆண்டுதோறும் மனிதர்கள் வேறு வேறு." எதிரெதிரே இரண்டு வரிகளை நிறுத்துவது சீனக் கவிதையின் இலக்கணத்திலேயே ஊறிய வேலை. ஒரு வரியில் மாறாததையும் மறு வரியில் மாறுவதையும் வைத்தால் போதும், கவிஞர் அழ வேண்டியதே இல்லை.

(அந்தச் சவ வண்டிப் பாட்டைப் பற்றி ஒரு வேடிக்கை. அது அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியதாம். சிறு அதிகாரிகளுக்கும் சாதாரண ஜனங்களுக்கும் ஹாவோலி என்ற வேறொரு பாட்டு. செத்தவர்கள் போய்ச் சேரும் இடத்தில் அறிஞன், மூடன் என்ற பேதமே இல்லை என்று சொல்கிறது அந்தப் பாட்டு. அதைச் சொல்லும் பாட்டையே தகுதி பார்த்துப் பிரித்துப் பாடியிருக்கிறார்கள்.)

அப்புறம், யார் எழுதியது என்று தெரியாத 19 கவிதைகள் ஒரு கட்டாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிழக்கு ஹான் ஆட்சியின் கடைசிக் காலத்தவை என்பார்கள். ஆறாம் நூற்றாண்டில் லியாங் இளவரசர் ஷியாவ் தோங் தன் பெரிய தொகுப்பில் இவற்றைச் சேர்த்து வைத்ததால் பிழைத்தன. அவற்றில் ஒருவர் தலைநகர் லுவோயாங்கின் கிழக்கு வாசல் வழியாக வண்டியோட்டிக்கொண்டு வெளியே வருகிறார். வடக்கே பார்த்தால் கல்லறைகள். உள்ளே கிடப்பவர்கள் மஞ்சள் ஊற்றுகளுக்கு (செத்தவர்களின் பாதாள உலகுக்கு அந்தப் பெயர்) அடியில் தூங்குகிறார்கள், ஆயிரம் ஆண்டானாலும் விழிக்கமாட்டார்கள் என்கிறார். இன்னொரு கவிதையில், பழைய கல்லறைகளை உழுது வயலாக்கிவிட்டார்கள், அங்கே நின்ற தேவதாருக்களும் பைன்களும் விறகாகிவிட்டன. சாவுக்கு அடுத்த சாவு இது: உயிர் போனது ஒரு முறை, போன அடையாளமும் போவது இரண்டாம் முறை. "ஆயுள் நூறை எட்டுவதில்லை, கவலையோ ஆயிரம் ஆண்டுக்கு" என்று தொடங்கும் கவிதை, பகல் குறுகியதென்றால் விளக்கைப் பிடித்துக்கொண்டு இரவிலும் சுற்ற வேண்டியதுதானே என்கிறது.

பார்தியாவிலிருந்து வந்த பிக்கு ஆன் ஷிகாவ் 148 வாக்கிலேயே இதே லுவோயாங்கில் உட்கார்ந்து பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய அதே காலம், அதே ஊர். இருந்தும் அந்த 19 கவிதைகளில் அதன் வாசனை துளிகூட இல்லை.

வாசல் வழியாக வெளியே வந்தவர் கடைசியில் சொல்லும் வரியைத் தவறவிடக் கூடாது. மருந்து தின்று சாகாவரம் தேடியவர்களில் பலரை அந்த மருந்தே ஏமாற்றிவிட்டது. அதைவிட நல்ல மது குடித்து, பட்டு உடுத்திக்கொள்வது மேல் என்கிறார். அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. பாதரசமும் கந்தகமும் கலந்த சாகாமருந்துகளைத் தின்று செத்தவர்கள் சீன வரலாறு முழுக்க உண்டு, பேரரசர்கள் உட்பட. அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. வயதான தாங் கவிஞர் பாய் ஜூயி, செத்துப்போன நண்பர்களை நினைத்து எழுதிய கவிதையில் ஒவ்வொருவரும் எந்த மருந்தைத் தின்றார் என்று பட்டியல் போடுகிறார். அதில் அவருடைய உயிர் நண்பர் யுவான் ஜெனும் ஒருவர், 831-இல் இறந்தவர். "நான் மட்டும்தான் எதையும் தின்னவில்லை, இந்தக் கிழ உயிர்தான் நீண்டுகொண்டே போகிறது" என்கிறார். அவர் 846 வரை இருந்தார்.

217-இல் பெரிய கொள்ளைநோய் வந்தது. பிற்பாடு வெய் நாட்டுப் பேரரசரான சாவ் பீயைச் சுற்றி இருந்த கவிஞர் கூட்டத்தில் நான்கு பேர் அதில் போய்விட்டார்கள். அவர் தந்தை சாவ் சாவ், "மதுவைக் கண்டால் பாடு, வாழ்க்கை எத்தனை நாள், காலைப் பனி போலத்தான்" என்று ஏற்கெனவே பாடியவர். அது எல்லாப் பள்ளிப் பாடத்திலும் வரும் வரி. என்னைப் பொறுத்தவரை, மகன் சாவ் பீ எழுதிய கடிதம்தான் பெரிது. மிஞ்சியிருந்த நண்பர் வூ ஜிக்கு எழுதியது. போகும்போது வண்டிகளை ஒட்டி ஓட்டினோம், நிற்கும்போது பாயோடு பாயைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம், கிண்ணம் சுற்றி வந்து காது சூடேறியதும் தலை நிமிர்த்திக் கவிதை சொன்னோம், "அந்த நேரத்தில் அது சந்தோஷம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை." நூறு வயது நம் பங்கு, கடைசிவரை ஒன்றாக இருப்போம் என்று நினைத்தோம் என்கிறார். செத்தவர்களின் எழுத்தைத் தொகுத்து ஒரே தொகுதியாக்கிக்கொண்டிருந்தவர், அவர்கள் பெயர்களைப் பார்க்கும்போது அது பேய்களின் பதிவேடாகத் தெரிகிறது என்கிறார்.

அதே ஆண்டில்தான் அந்தக் கூட்டத்தின் இன்னொரு கவிஞர் வாங் சானும் இறந்தார். அவருக்குக் கழுதை கத்துவது ரொம்பப் பிடிக்குமாம். அடக்கத்தின்போது சாவ் பீ, வந்திருந்தவர்களைப் பார்த்து, ஆளுக்கு ஒரு தடவை கழுதை போலக் கத்தி வழியனுப்புவோம் என்றாராம்; எல்லோரும் கத்தினார்களாம். ஐந்தாம் நூற்றாண்டுக் கதைத் தொகுப்பு ஒன்றில் வருவது, நடந்ததோ இல்லையோ. நிலையாமையைப் பற்றிய பத்துத் தத்துவ வரிகளைவிட எனக்கு இது மேல்.

சரி, தத்துவமே இல்லையா என்றால், இருந்தது. அதோடு சண்டையும் இருந்தது. சாவும் வாழ்வும் ஒன்றே, நீண்ட ஆயுளும் குறுகிய ஆயுளும் ஒன்றே என்ற சுவாங்ட்சு வழிப் பேச்சு அப்போது நாகரிகமாக இருந்தது. 353 வசந்தத்தில் இன்றைய ஷாவோஷிங் அருகே ஓர் ஓடைக்கரையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடி, ஓடையில் மதுக்கிண்ணங்களை மிதக்கவிட்டுக் கவிதை எழுதினார்கள். அந்தத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய வாங் ஷீஜி, "சாவும் வாழ்வும் ஒன்று என்பது வெறும் பொய்" என்று நேராகவே போட்டு உடைக்கிறார். நாம் முன்னோரைப் பார்ப்பது போலத்தான் பின்னால் வருபவர்கள் நம்மைப் பார்ப்பார்கள் என்கிறார். அதனால் அவர் செய்த காரியம், வந்தவர்கள் பெயரையும் அவர்கள் எழுதியதையும் குறித்து வைத்ததுதான்.

தாவ் யுவான்மிங் (427-இல் இறந்தவர்) தன் சாவுக்கே மூன்று ஒப்பாரி எழுதினார். இதில் நகைச்சுவை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் பாட்டில் பிணம் பேசுகிறது: நேற்று மாலை மனிதனாக இருந்தேன், இன்று காலை பேய்ப் பதிவேட்டில் பெயர். குழந்தை அப்பாவைத் தேடி அழுகிறது. ஆயிரம் ஆண்டு போனால் புகழ், அவமானம் எல்லாம் யாருக்குத் தெரியப் போகிறது. ஒரே வருத்தம், இருந்தபோது வயிறாரக் குடிக்கவில்லை. இரண்டாம் பாட்டில் படையல். வாழ்ந்தபோது குடிக்க மதுவில்லை, இப்போது முன்னால் கிண்ணம் நிறைந்து நுரைக்கிறது, குடிக்க முடியவில்லை. மூன்றாம் பாட்டில் ஒன்பதாம் மாத உறைபனியில் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். வந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். "உறவுக்காரர்களுக்குக் கொஞ்சம் துக்கம் மிச்சமிருக்கலாம், மற்றவர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள்." யார் மேலும் கோபமில்லாமல் இந்த வரியைச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் அதிசயம். உலகம் அப்படித்தான், அது சரிதான் என்ற குரல்.

இங்கே ஒரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். தாங் காலத்திலும், பிறகு வந்த சோங் (960–1279) காலத்திலும் இருந்த கவிஞர்களில் பெரும்பாலோர் அரசு உத்தியோகஸ்தர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம்; மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் தெற்கே காய்ச்சல் பூமிக்கு நாடுகடத்தல். சாலை என்றால் குதிரை, படகு, கழுதை. ஒரு நண்பரை வழியனுப்பினால் திரும்பப் பார்ப்போம் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிரிவும் சாவும் நடைமுறையில் ஒரே மாதிரி இருந்த வாழ்க்கை அது. கவிதையும் அதற்குள் அன்றாடத் தொழில்: விருந்துக்கு, வழியனுப்புதலுக்கு, கடிதத்துக்குப் பதிலாக என்று எழுதியவை. லி பாய் "மஞ்சள் நதி வானிலிருந்து வந்து கடலுக்கு ஓடுகிறது, திரும்புவதில்லை, காலையில் கறுப்புப் பட்டாக இருந்த கூந்தல் மாலையில் வெண்பனி" என்று முழங்கும் பாட்டில்கூட, நடுவில் இரண்டு நண்பர்களைப் பெயர் சொல்லி அழைத்து, கிண்ணத்தை நிறுத்தாதீர்கள் என்கிறார்.

இந்தக் கருப்பொருளில் ஒரே ஒரு கவிதை படிக்க நேரமிருந்தால் து ஃபூ, வெய் குடும்பத்து எட்டாமவருக்கு எழுதியதைப் படியுங்கள். 759 வாக்கில் எழுதியது என்பார்கள். 755 கடைசியில் தளபதி ஆன் லூஷானின் கலகம் தொடங்கி, நாடே சிதறிக் கிடந்த நேரம். வாழ்க்கையில் நாம் சந்திக்காமல் இருப்பது ஷென், ஷாங் விண்மீன்களைப் போல என்று தொடங்குகிறார். ஒன்று ஓரியன் கூட்டத்தைச் சேர்ந்தது, மற்றது நம் கேட்டை. ஒன்று எழும்போது மற்றது மறைந்துவிடும். இன்றிரவு எப்படியோ ஒரே விளக்கொளியில் உட்கார்ந்திருக்கிறோம். பழைய நண்பர்களை விசாரித்தால் பாதிப் பேர் பேயாகிவிட்டார்கள். அதிர்ந்து கத்துகிறேன், வயிறு எரிகிறது.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். இதற்குப் பிறகு து ஃபூ சாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்கிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் பிரிந்தபோது உனக்குக் கல்யாணமே ஆகவில்லை, இப்போது வரிசையாகப் பிள்ளைகள். அப்பாவின் சிநேகிதர் என்று மரியாதையாக வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் முடிவதற்குள் தந்தை அவர்களை விரட்டி மது எடுத்துவரச் சொல்கிறார். இரவு மழையில் நனைந்துகொண்டே வசந்தகாலக் கீரையை அறுத்து வருகிறார்கள். புதிதாக வடித்த சோற்றில் மஞ்சள் தினை கலந்திருக்கிறது. சந்திப்பது அரிது என்று சொல்லிச் சொல்லி ஒரே மூச்சில் பத்துக் கிண்ணம். பத்தாகியும் போதை ஏறவில்லை, உன் பழைய அன்புதான் மனதை நிறைக்கிறது. நாளை நடுவில் மலைகள். உலகக் காரியம் இருவருக்குமே மங்கல்.

சோற்றில் தினை கலந்திருப்பதைச் சொல்ல வேண்டிய அவசியமென்ன? அந்த வீட்டின் வசதி, அவசரம், சூடு எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. மறுநாள் இல்லாமல் போகப் போகிற ஒன்றின் எடை நமக்குத் தெரிய வேண்டுமென்றால் அது முதலில் இருந்தாக வேண்டும். நிலையாமையைப் பாடும் சாதாரணக் கவிதை இழப்பை மட்டும் காட்டும். து ஃபூ முதலில் சாப்பாடு போடுகிறார்.

இனி பௌத்தத்துக்கு வரலாம். தாங் காலத்தில் அது கவிதைக்குள் நன்றாகவே வந்துவிட்டது. வாங் வெய் அசல் பௌத்தர், மனைவி இறந்த பிறகு மறுமணம் செய்யாமல் தனியே வாழ்ந்தவர். இலையுதிர்கால இரவில் தனியே உட்கார்ந்து எழுதிய கவிதையில், "மழையில் மலைப்பழங்கள் விழுகின்றன, விளக்கடியில் புல்பூச்சிகள் கத்துகின்றன" என்கிறார். நரையை மாற்ற முடியாது, தங்கம் செய்யவும் முடியாது. மூப்பும் பிணியும் நீங்க வேண்டுமானால் பிறவாமையைக் கற்பதே வழி என்று முடிக்கிறார். நமக்குப் பழக்கமான குரல் இது. என் கணக்கில் அந்த முடிவு மலைப்பழத்துக்கு ஈடாகாது.

பௌத்தம் கவிதைக்குள் எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றது என்று பார்க்க பாய் ஜூயியின் மகள் கவிதைகள் சரியான இடம். குழந்தையின் பெயர் ஜின்லுவான், மூன்று வயதில் இறந்தாள். நோயில் படுத்தபடியே அவர் முதலில் எழுதியது: பழைய உடுப்பு இன்னும் கொடியில் தொங்குகிறது, மிஞ்சிய மருந்து இன்னும் தலைமாட்டில். சில ஆண்டு கழித்து இரண்டு கவிதைகள் எழுதினார். "ஆண் குழந்தை இல்லை, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்" என்ற வரி இன்று படிக்கக் கூசும். அந்தக் காலத்து அப்பா அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறார். காரணங்களைச் சொல்லி மனதைத் தேற்றி மூன்று வருஷம் ஆகிவிட்டது, மறந்தும் போயிற்று. இன்று திடீரென்று நெஞ்சு வலிக்கிறது: வழியில் அவளுக்குப் பாலூட்டிய செவிலியைப் பார்த்துவிட்டார்.

அடுத்த கவிதை, "நீயும் நானும் மகளும் தந்தையுமாக இருந்தது எண்பத்தாறு பத்துநாள்" என்று எண்ணித் தொடங்குகிறது. அதாவது ஏறக்குறைய 860 நாள். பிறகு பௌத்தம் வருகிறது: உடல் உண்மையில் இல்லாதது, ஏதோ கூடி உருவானது, பாசம் மயக்கம், காரணங்கள் சேர்ந்ததால் கொஞ்ச காலம் உறவு. எல்லாம் பாடப் புத்தகம் போலச் சரியாகச் சொல்கிறார். கடைசி இரண்டு வரியில் உண்மை வெளியே வருகிறது: தற்காலிகமாக அறிவைக் கொண்டு என்னைப் பிடித்து வைக்கிறேன், பாசத்தை மறந்த ஆள் இல்லை நான். உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. தத்துவம் வந்தது, உதவியும் செய்தது. குழந்தையின் நாட்களை எண்ணிய கணக்கை அதனால் அழிக்க முடியவில்லை.

எல்லாமே அழுகைதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஹான் யூ தன் பல் விழுவதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார்: போன வருஷம் ஒரு கடைவாய்ப்பல், இந்த வருஷம் ஒரு முன்பல், திடீரென்று ஆறேழு, இன்னும் நிற்கிற மாதிரி தெரியவில்லை. யாருக்கும் எழுதாமல் தனியே நின்று அழுதவர்களும் உண்டு. யூஜோவ் மேடையில் ஏறிய சென் ஜிஆங், "முன்னே பார்த்தால் பழையவர்கள் இல்லை, பின்னே பார்த்தால் வருகிறவர்கள் இல்லை" என்று சொல்லி அழுதார். அந்த அழுகைக்கே காரணம், பேச ஆளில்லாததுதான்.

சோங் காலத்து சூ ஷியோடு நிறுத்திக்கொள்கிறேன். 1056-இல் அவரும் தம்பி சூ ஜேயும் தேர்வெழுதத் தலைநகர் போகும் வழியில் மியான்ச்சி ஊரில் ஒரு கோயிலில் தங்கினார்கள். வழியில் குதிரைகள் செத்துப்போய்க் கழுதை மேல் வந்து சேர்ந்தார்கள். கோயில் சுவரில் கவிதை எழுதி வைத்தார்கள். 1061-இல் முதல் பெரிய உத்தியோகத்துக்காக அண்ணன் அதே வழியில் போகிறார். பிரிந்து திரும்பிய தம்பி பழைய பயணத்தை நினைத்து ஒரு கவிதை அனுப்ப, அண்ணன் அதே எதுகைச் சொற்களை வைத்துப் பதில் எழுதுகிறார். வாழ்க்கையில் அங்குமிங்கும் போவது எதைப் போல? பறக்கும் வாத்து பனிச்சேற்றில் கால் பதிப்பது போல. நகத்தடம் ஏதோ தற்செயலாக விழுகிறது. பறந்த பிறகு கிழக்கா மேற்கா என்று யார் கணக்கு வைப்பார்கள்? இந்தப் பாதிதான் எல்லா மேற்கோள் தொகுப்பிலும் இருக்கிறது. மறுபாதி: அந்தக் கிழத் துறவி செத்துப்போனார், அவர் சாம்பல் மேல் புதிய கோபுரம். சுவர் இடிந்துவிட்டது, நாம் எழுதியதைப் பார்க்க வழியில்லை. அந்தக் கரடுமுரடான பாதை ஞாபகமிருக்கிறதா? தூரம் அதிகம், நாம் களைத்துப்போனோம், நொண்டிக் கழுதை கத்திக்கொண்டே வந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

படிக்கத் தொடங்குவதாக இருந்தால் து ஃபூவின் வெய் கவிதை, பாய் ஜூயியின் மகள் கவிதைகள், தாவ் யுவான்மிங்கின் மூன்று ஒப்பாரிகள் என்ற வரிசையில் போகலாம். லி பாயைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சத்தத்தில் மற்றவர்கள் கேட்காமல் போய்விடுவார்கள். மொழிபெயர்ப்பு எதுவானாலும், "இன்னாருக்கு, இன்ன ஊரில், இன்ன சமயத்தில்" என்று நீளும் மூலத் தலைப்பைச் சுருக்காமல் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தலைப்பை வெட்டிவிட்டு "நிலையாமை" என்று பெயர் போட்ட தொகுப்புகளைத் தள்ளி வைத்துவிடலாம்.